வந்தியின் பங்கு

ஒப்புரவு என்பது உலகத்தோடு பொருந்தி ஒழுகிப் பலர்க்கும் பொதுவாக வரும் நன்மையைத் தன் கடமையாகக் கொண்டு செய்தல். திருவள்ளுவ நாயனார் இல்லறவியலில் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தருளினார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டப்படா. ஈகை, உள்ளவர் இல்லாதவர்க்குக் கொடுப்பது. அதிற் கொடுப்பார் ஒருபுறமும் கொள்வார் மற்றொருபுறமுமாக நிற்பர். ஒப்புரவிலோ கொடுப்பாரும் கொள்வாரும் ஓரூரவர். ஒருவரே இருநிலையினும் நிற்றலும் உண்டு. இதனால் ஈகையினும் ஒப்புரவு எளிதுபோலத் தோன்றும். உண்மையில் அஃது அரிது. ஈகைக்கு ஒருவன் மனம் நெகிழ்ந்தாற் போதும். ஒப்புரவிற்குப் பலர் மனம் ஒருங்கே பொருந்துதல் வேண்டும். பலர் அங்ஙனம் பொருந்துவது எதனால், பொருந்தாது கெடுவது எதனால் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நாயனார் அவ்வதிகாரத்துக் காட்டிய உவமைகள் மழை, ஊருணி, ஊர்நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம் என்பன. இவை நான்கும் கைம்மாறு கருதாது பயன் தருவன. ஆயினும் இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. மழை தானே பெய்யும்; மரம் தானே பழுக்கும். ஊருணி ஒன்றே தானே உண்டாவதன்று. அது பலர் கையால் அகழப்பட்டு, பலர் கையால் தூர் எடுக்கப்பட்டு, பலர் காவலில் நிற்பது. தன்பால் வந்தார்க்கு நீர் தருங்கால் அஃது இவர் இன்னார் என எண்ணுவதில்லை. அதனைக் காக்குங்காலோ, இன்னார்க்கு இத்தனை கூடை மண், இத்தனை நாட்பணி என ஒவ்வொன்றாக எண்ணியே காத்தல் வேண்டியிருக்கின்றது. எண்ணாது கொடுக்கும் பொருளை எண்ணிக் காக்க வேண்டுவதாகிய இந்நிலையை முதற்கண் தெளிந்துகொள்ளல் நலம்.

ஏரி என்பது நீர் தேங்கிய பள்ளம் மாத்திரம் அன்று. மழைநீரைக் கொணரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, வயலுக்கு விடும் மதகு, மிக்க நீரைக் கழிக்கும் கலிங்கு, பாசன வாய்க்கால் என்னும் இவையெல்லாம் கூடியதே ஏரி. இவற்றுள் ஒன்று பழுதுறின் ஏனையவும் பயன்படா. வரத்துக்கால் தூர்ந்தால் மதகு செவ்விதாக இருந்தும் நீரில்லை. கலிங்கு அடைபட்டால் வந்த நீரே கரையை உடைத்துச் செல்லும். தமிழ்நாட்டில் இத்தகைய ஏரிகள் ஏறத்தாழ 39,000 உள. கோடையில் நீர் வற்றியபின் ஊரார் கூடி, வண்டலை வாரிக் கரையை உயர்த்தி, வாய்க்கால்களைச் சீர்செய்தலைக் குடிமராமத்து என்பர். ஆயக்கட்டில் நிலமுடையோர் தத்தம் நிலத்தின் அளவிற்கேற்ப ஆள் தருதல் வழக்கம். நீரை முறைவைத்துப் பாய்ச்சுதற்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்னும் பெயருடைய பணியாளரை ஊரே அமர்த்தி, விளைந்த நெல்லில் அவர்க்குப் பங்கு அளந்தது.

இவ்வழக்கத்தினுள் ஒரு நுண்ணிய இடர் மறைந்துள்ளது. கரைக்கு ஆயிரங்கூடை மண் வேண்டுமிடத்து ஒருவன் ஒரு கூடை குறைத்தால் அதனாற் கரை உடைந்துவிடாது. மதகு திறந்தபின் நீர், மண் சுமந்தவன் வயலுக்கும் சுமவாதவன் வயலுக்கும் ஒருபடியே பாயும். ஆகவே, ‘யான் ஒருவன் வாராமையால் என்ன குறைவு நேரும்?’ என்று ஒருவன் தன்னுள் வினவின், அவ்வினாவிற்கு அவன் நெஞ்சு ‘ஒன்றும் நேராது’ என்றே விடைகூறும். அவ்விடை பொய்யும் அன்று. ஆனால் அதனையே ஊரார் அனைவரும் தத்தம் நெஞ்சிற் கூறிக்கொள்வராயின் கார்காலத்தில் கரை நில்லாது. தனித்தனி நோக்குமிடத்து மெய்யாகும் ஒன்று, எல்லாரையும் கூட்டி நோக்குமிடத்து அழிவிற்கு ஏதுவாதலே பொதுப்பணியில் உள்ள இடராம்.

காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிர்நூலார் 1968-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விடரைப் பொது மேய்ச்சல் நிலத்தின்மேல் வைத்து விளக்கினர். பொதுநிலத்தில் ஒருவன் தன் மந்தையோடு மேலும் ஒரு மாட்டைச் சேர்த்தால் அதன் ஊதியம் முழுதும் அவனுக்கு. புல் குறைதலாகிய கேடோ எல்லார்க்கும் பங்கிடப்படும். ஆதலின் ஒவ்வொருவனும் மாட்டைப் பெருக்குவன்; முடிவில் நிலம் பாழாகும் என்பது அவர் கூற்று. தனியுடைமையாக்குதலோ சட்டத்தாற் கட்டுப்படுத்துதலோ அன்றிப் பொதுப்பொருளைக் காக்க வேறு வழியில்லை என்னும் கொள்கை அக்கட்டுரைக்குப்பின் அறிஞர் பலரிடத்து வேரூன்றிற்று.

அற்றேல், ஊரார் தாமே கூடிக் காத்த ஏரிகள் பல நூற்றாண்டு நின்றது யாங்ஙனம் எனின், அவர்கள் அவ்விடரை அறியாதவர்களாய் நல்லெண்ணம் ஒன்றையே நம்பி இருந்தவர்கள் அல்லர் என்க. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று பகரும். முதற் பராந்தக சோழரின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை வகுத்துக் கல்லில் வெட்டுவித்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம் என ஆறுபேர் கொண்ட குழு தனியே இருந்தது. வாரியத்தார் பணி 360 நாள். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் பின்னர் அப்பணிக்குத் தகார் என்று விலக்கப்பட்டனர். வயிரமேக தடாகம் என்பது அவ்வூர் ஏரியின் பெயர். அதன் கரையைக் காத்தது மண் மாத்திரம் அன்று, அக்கணக்கும் காத்தது.

எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார் 1990-இல் வெளியிட்ட நூலில், ஹார்டின் கூறியது எங்கும் நிகழ்வதன்று என்பதனைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவினர். நீர், காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடிக் கரை ஆகியவற்றை ஊரார் தாமே விதிவகுத்து நெடுங்காலம் காத்து வந்த இடங்களை அவர் ஆராய்ந்தனர். அவ்விடங்களிற் சில இயல்புகள் பொதுவாகக் காணப்பட்டன. பயன் கொள்வோர் இன்னார் என்பது தெளிவாயிருத்தல், விதி அவ்விடத்து நிலைமைக்குப் பொருந்துதல், விதிக்கு உட்படுவோரே விதிவகுத்தலிற் பங்குகொள்ளுதல், கண்காணிப்பு இருத்தல், தண்டம் முதற்கண் சிறிதாகவும் குற்றம் தொடரத் தொடரப் பெரிதாகவும் அமைதல், வழக்கை விரைவில் தீர்க்க இடமிருத்தல் என்பன அவற்றுட் சில. 2009-ஆம் ஆண்டிற் பொருளியலுக்குரிய நோபெல் பரிசில் அவர்க்கும் வேறொருவர்க்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அத்துறையில் அப்பரிசில் பெற்ற முதற் பெண்மணி அவரே.

அவர் எடுத்துக்காட்டிய இடங்களுள் ஸ்பெயின் தேயத்து வலென்சியா ஒன்று. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தம்முள் தேர்ந்தெடுத்த நடுவர் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் அந்நகரப் பெருங்கோயிலின் வாயிலில் அமர்ந்து நீர்வழக்குகளைக் கேட்பர். வழக்கும் தீர்ப்பும் வாய்மொழியாகவே நிகழும். பல நூற்றாண்டாக நடந்துவரும் இந்நீர்மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மன்றம் உலகத்தார் போற்றற்குரிய மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தேயமும் சமயமும் மொழியும் வேறாயினும், நீரைக் கூடிக் காப்போர்க்கு வேண்டும் அறிவு ஒன்றாகவே இருத்தல் காண்க.

இனி, ஒருவர்க்கொருவர் செய்யும் கைம்மாற்றின் வலியை ராபர்ட் ஆக்சல்ராட் என்பார் 1984-இல் வெளியிட்ட நூலில் வேறொரு வகையால் விளக்கினர். இருவர் மீண்டும் மீண்டும் கூடும் விளையாட்டொன்றை அமைத்து, எவ்வகை ஒழுக்கம் மிகுந்த பயன் பெறும் எனக் கணிப்பொறியில் இட்டுச் சோதித்தார். பலர் பல சூழ்ச்சிகளை வகுத்தனுப்பினர். மிக எளிய ஒன்றே முதன்மை பெற்றது. அனதோல் ராப்பபோர்ட் என்பவர் அனுப்பிய அவ்வொழுக்கம் யாதெனின், முதற்கண் நன்மை செய்க. பின்னர் மற்றவன் முன் செய்தது எதுவோ அதனையே திருப்பிச் செய்க என்பது. தீமைக்கு உடனே ஈடு செய்யினும், அவன் திருந்தியக்கால் பழையதை நெஞ்சில் வையாது மீண்டும் நன்மை செய்தல் அதன் சிறப்பு. மீண்டும் சந்திப்போம் என்னும் எண்ணம் உள்ளவரிடத்தே இது பயன்படும். ஓரூரில் வாழ்வார், ஒரு வாய்க்கால் நீரை உண்பார், இவ்வெண்ணம் உடையராதல் இயல்பு.

இதுகாறும் கூறியவாற்றால், பங்கு அளத்தலும் கண்காணித்தலும் கைம்மாறு செய்தலும் பொதுநன்மைக்கு அடிப்படை என்பது பெறப்பட்டது. இவையே அமையும், வேறொன்றும் வேண்டா எனின், அற்றன்று. அளவைக்கு உட்படாத ஒருவர் ஊரில் இருப்பராயின், அவர் பங்கு யாதாகும் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவிற்குத் தமிழகத்துச் சைவ நன்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் விடையொன்று மதுரையில் உண்டு.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவது திருவிளையாடல் இறைவன் மண் சுமந்தது. வைகை பெருகிக் கரையை அழித்தது. பாண்டியன் ஆணையால் கரை அளக்கப்பட்டு ஊரார்க்குப் பங்கிடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்குக் கணவன் இல்லை, மகன் இல்லை, சுற்றம் இல்லை. கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை. சோமசுந்தரப் பெருமான் கந்தை உடுத்துத் தலையிற் சும்மாடு வைத்து, கூடையும் மண்வெட்டியும் கொண்டு கூலியாளாக எழுந்தருளினார். பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டார். சிறிது மண் சுமந்தார். பாடினார், ஆடினார், உறங்கினார். வந்தியின் பங்கு அடைபடாமற் கிடந்தது. சினந்த பாண்டியன் பிரம்பால் அடித்தான். ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கூலியாள் மறைந்தார், கரை உயர்ந்தது. அடியோ பாண்டியன்மேலும் அவன் தேவியர்மேலும் அமைச்சர்மேலும் எல்லா உயிர்கள்மேலும் பட்டது. மாணிக்கவாசகப் பெருமானும் திருவம்மானையில் இச்செய்தியைக் குறித்தருளினார்.

இத்திருவிளையாடலைக் கேட்பார் இறைவனது எளிவந்த தன்மையை நினைந்து உருகுவர். அது முறையே. அதனோடு, இஃது ஒரு பொதுப்பணியின் வரலாறுமாம் என்பதனையும் கருதுதல் வேண்டும். கரை பொது, வெள்ளம் பொது, பங்கு அளந்தது முறை, கண்காணிப்போரும் உளர், தண்டமும் உண்டு. ஆஸ்ட்ரம் அம்மையார் எண்ணிய இயல்புகள் பலவும் வைகைக் கரையில் இருந்தன. இருந்தும் ஓரிடத்துக் கரை அடைபடவில்லை. அவ்விடம் கையில்லாதவளின் பங்கு.

பாண்டியன் பங்கு அளந்தது குற்றமோ எனின், அன்று. பெருவெள்ளம் வருங்கால் அளவாமல் இருத்தலே குற்றமாகும். ஆயின் கரையின் நீளத்தை அளந்த கோல், அதனை அடைக்க அவ்வீட்டில் ஆள் உண்டோ என்பதனை அளந்திலது. ஒப்பாகப் பகுத்தல் வேறு, ஒத்ததறிந்து பகுத்தல் வேறு. ஒப்புரவு என்னும் சொல்லோடு நாயனார் அறிதல் என்பதனையும் சேர்த்து அதிகாரத்திற்குப் பெயரிட்டது ஈண்டு நினைக்கத்தக்கது. எவ்வீட்டிற்கு எது பொருந்தும் என்று அறிதலும் அவ்வறத்தின் கூறாம்.

வந்தியின் செயலும் உற்று நோக்கத்தக்கது. அவள் தன் பங்கை நீக்கித் தருமாறு அரசன்பாற் சென்று இரந்தாளில்லை. தன் பங்கைத் தன் பிட்டைக் கொடுத்தேனும் செய்துவிட வேண்டும் என்பதே அவள் கவலை. வறியவர் பொதுப்பணிக்குப் பாரமாவர் என்று கருதுவோர் இதனை ஓர்தல் வேண்டும். பங்கு பெறுதல் சுமை மாத்திரம் அன்று; ஊராருள் தானும் ஒருத்தி என்பதற்கு அதுவே சான்று. அவள் வேண்டியது விலக்கன்று, துணை. ஊரிலிருந்து ஒரு கையும் வாராமையால் ஆலவாயிலிருந்து ஒரு கை வரவேண்டியதாயிற்று.

அற்றேல், துணையாக வந்த பெருமான் தாமே பணியைக் குறைத்து உறங்கியது என்னை எனின், அதற்கு விடை வருமாறு. அவர் விரைந்து கரையை அடைத்துச் சென்றிருப்பின், வந்தியின் பங்கு நிறைந்தது என்று கணக்கன் குறித்துக்கொள்வான், அவ்வளவில் ஒழியும். வந்திக்கு ஆளில்லை என்பதனை ஊரில் ஒருவரும் உணரார். பங்கு குறைந்து கிடந்தமையாலன்றோ அரசனும் ஊரும் அவ்விடத்து வந்து நின்றனர்? எல்லார் கண்ணிலிருந்தும் மறைந்திருந்த ஒரு குறையை எல்லார் கண்ணிற்கும் காட்டுதற்கே பெருமான் அவ்வாறு ஆடியருளினார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி, பிரம்படியைப் பற்றி. பொதுப்பணியில் தண்டம் வேண்டா என்பார் உலகியல் அறியாதவர். எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கேக்டர் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கும். பொதுநிதிக்குப் பொருள் இடும் விளையாட்டில், தண்டம் இல்லாதபோது ஒவ்வொரு சுற்றிலும் மக்கள் இடும் பொருள் குறைந்துகொண்டே சென்றது. இடாதவரைத் தண்டிக்க வழிசெய்தபோது மிகுந்தது. ஆனால் ஒருவரைத் தண்டிக்க விரும்புவோர் தம் கைப்பொருளிலும் ஒரு பகுதியை இழத்தல் வேண்டும் என்பது அவ்விளையாட்டின் விதி. அறியாதவர்பொருட்டு, தமக்கு வரும் ஊதியம் இன்றியும், பலர் அவ்விழப்பை ஏற்றனர். அடிப்பவன் தானும் இழக்கின்றான் என்பதனை இஃது உலகியல் வகையாற் காட்டிற்று. மதுரையில் அடித்தவன் முதுகில் அடி பட்டது என்பதனைத் திருவிளையாடல் அருளியல் வகையாற் காட்டிற்று.

அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது யாங்ஙனம்? சைவசித்தாந்தம் இதற்கு இடர்ப்படாது விடைகூறும். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் நிலையைச் சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தில் உணர்த்தும். உயிர்க்குயிராய் நிற்கும் பொருளின்மேற் பட்டது அவ்வுயிர்களின்மேற் படாமை யாங்ஙனம்? ஆகவே இதனை அற்புதம் என்று வியந்து விடுதல் அமையாது. உயிர்கள் தனித்தனிப் பங்குகளாகப் பிரிந்து கிடப்பன என்று எண்ணும் எண்ணம் ஆணவத்தின் செயல். கூலியாளின் முதுகு வேறு, தன் முதுகு வேறு என்று பாண்டியன் எண்ணினான். அவ்வெண்ணம் அவ்வடியோடு நீங்கிற்று.

இதனை ஏட்டளவில் ஏற்பது எளிது. நாட்டளவில் ஏற்றல் எளிதாயிருந்ததில்லை. உத்தரமேரூர் முறையைப் புகழுமிடத்து அதன் வரம்பையும் மறைத்தலாகாது. வாரியத்திற்கு உரியவர், வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையராய், தம் மனையில் வீடு கட்டியிருப்பவராய், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குள் அமைந்தவராய், மறை ஓதியவராய் இருத்தல் வேண்டும் என அக்கல்வெட்டு வகுக்கும். நிலமில்லாதவன் பெயர் குடத்தினுட் புகவில்லை. பல ஊர்களில் வெயிலில் நின்று வண்டல் வாரியவன் வேறு. அந்நீராற் பயிர் விளைத்தவன் வேறு. மண்ணில் அவனுக்குப் பங்கு இருந்தது; நீரில் இல்லை. சில ஊருணிகளில் அவன் இறங்கி நீர் முகக்கவும் தடுக்கப்பட்டான்.

இக்கேடு ஒரு நாட்டிற்கே உரியதன்று. மராட்டிய நாட்டு மகாட் என்னும் ஊரில் சவதார் குளம் எல்லார்க்கும் பொது என்று நகரவையார் தீர்மானித்த பின்னும் தாழ்த்தப்பட்டோர் அதில் நீர் எடுக்க இயலவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். வழக்கு நெடிது நடந்து, 1937-இல் பம்பாய் உயர்நீதி மன்றத்தில் அவர்தம் உரிமை நிலைபெற்றது. பொது என்று பெயரிட்ட நீர் பொதுவாதற்கு அத்துணை ஆண்டுகள் சென்றன. மதுரையிலும், மண் சுமந்த கூலியாளாக எழுந்தருளிய பெருமானின் திருக்கோயிலுள், மண் சுமக்கும் கூலியாளர் பலர் 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் வரை புகப்பெற்றிலர். அந்நாளில் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு உட்புகுந்தார். ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் பிட்டுத் திருவிழாவைக் கண்டு உருகிய ஊர் அது. உருக்கம் கண்ணளவில் நின்று கைக்கு வாராமையும் உலகில் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பிரம்பு ஒன்றையே நம்பினால் வருவது யாது என்பதற்கும் வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டமாகச் சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. வெள்ளத்தால் கரை உடையும் நிலையில் ஊராரைப் பணிக்கு வருத்தவும், வழக்கப்படி கூட்டாகச் செய்யும் நீர்ப்பணிக்கு வாராதவரிடம் பொருள் தண்டவும் அஃது இடந்தந்தது. ஊரார் தாமே வகுத்த விதி அயலார் பிரம்பாயிற்று. விதி வகுத்தலில் அவர்க்கு இருந்த பங்கு போயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. குடிமராமத்தோ நாளடைவில் மெலிந்தது. 2017-இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலே ஏரிகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் மீண்டது நன்று. எந்திரம் கொண்டு ஒரு நாளில் வாரும் வண்டல், நூறு பேர் கூடிப் பல நாளில் வாரியதினும் மிகுதி. ஆயினும் எந்திரம் சென்றபின் வரத்துக்காலில் குப்பை கொட்டாமற் காப்பார் ஊராரே யாவர். குடிகள் இல்லாத குடிமராமத்து நெடுநாள் நில்லாது.

இக்காலத்தில் வைகைக்கு மண் சுமக்குமாறு எவரையும் அழைப்பாரில்லை. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. கரையின் பங்கு வரியாக மாறிற்று. மாறினும் வினா அதுவே. தன் வரி ஒன்று குறைவதால் என்ன என்பவனும் உளன். தன் தெருக்குப்பை ஒன்று கால்வாயில் விழுவதால் என்ன என்பவனும் உளன். அளக்குங்கோல் காணாத வந்தியும் ஊர்தோறும் உளள். முதியோர், நோயாளர், கைப்பொருளின்றிப் பிற ஊரினின்று கூலிக்கு வந்தோர் ஆகிய இவர்கள் கைம்மாறு செய்யமாட்டாதவர் என்று கழிக்கப்படுவராயின், கரையில் அவர் நின்ற இடமே உடைப்பாகும். வெள்ளம் அவ்வுடைப்பின் வழியே புகுந்து எல்லார் வீட்டையும் அடையும்.

கைம்மாறு என்பதனைச் சைவம் தள்ளவில்லை. அதன் திசையை மாற்றிற்று. இறைவன் ஐந்தொழில் இயற்றுவது உயிர்கள்பொருட்டு, தன்பொருட்டு அன்று. அவனுக்குத் திருப்பிச் செய்தற்கு உயிரிடத்து ஒன்றுமில்லை. ஆகவே அவனிடம் பட்ட கடனை அவன் நிற்கும் உயிர்களிடத்தே தீர்த்தல் வேண்டும். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தரும் சாலையும் குளமும் அமைத்தார் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். நீர் பருகியவர் யாவர் என அவர் அறியார். அவர் பெயரை நீர் பருகியவர் அறியார். அவர் செய்த அறத்தில் கைம்மாறு இல்லையோ எனின், உண்டு. திருவருளுக்கு அவர் செய்த கைம்மாறு, வழிப்போவார் தாகம் தணிந்ததாய் முடிந்தது.

தமிழகத்துப் பழங்கல்வெட்டுக்கள் பலவற்றின் இறுதியில் ஒரு வழக்கம் காணப்படும். ஏரிக்கோ கோயிலுக்கோ அறம் வைத்தவர், இவ்வறத்தைப் பின்னாளிற் காப்பவரின் திருவடி தம் தலைமேல் என்று எழுதுவிப்பர். கொடுத்தவர் அரசராகவும் இருப்பர். காப்பவர் இன்னும் பிறவாதவர், இன்ன குலத்தவர் என அறியப்படாதவர். அவரிடத்திருந்து யாதொன்றும் பெறுவதற்கில்லை. ஆயினும் அவர் அடியைக் கொடையாளர் தம் தலைமேல் ஏற்றனர். எக்குலத்தவர் அடியாயினும் ஏற்கும் அவ்வொரு தொடரில் தாழ்ச்சி உண்டு, நன்றியுண்டு, அறம் தொடரவேண்டும் என்னும் கவலையும் உண்டு.

ஆகவே, மக்கள் பொதுநன்மைக்குக் கூடுவது எதனால் என்னும் வினாவிற்கு விடை இரண்டு படியாக நிற்கின்றது. பங்கும் கணக்கும் கண்காணிப்பும் சிறுதண்டமும் முதற்படி. அவையின்றி நல்லோரும் நாளடைவிற் சோர்வர். கணக்கிற்கு எட்டாதவரின் பங்கைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும் அன்பு இரண்டாம் படி. அஃதின்றிக் கணக்குச் செவ்விதாக இருந்தும் கரை உடையும். முதற்படியை விட்டு இரண்டாவதில் ஏறுதல் இயலாது. முதற்படியிலேயே நின்றுவிடுதலும் அறமாகாது. சைவ நன்மக்கள் தத்தம் ஊர்ப்பணி எதுவாயினும், பங்கு அளந்து முடித்தபின் ஒருமுறை கரை நெடுகச் சென்று, ஆளில்லாமற் கிடக்கும் பங்கு யாருடையது என்று வினவுவாராக. அவ்விடத்துக் கூடை எடுப்பவர், பெருமான் எடுத்த கூடையையே எடுத்தவர் ஆவர்.

திருச்சிற்றம்பலம்.